ஓடும் வீட்டுக்குக் காப்பு உண்டா?

எங்கள் பள்ளி நூலகத்தில் பழைய ஆங்கில இதழ் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அமெரிக்க நாட்டில் சிலர் சொந்த வீட்டை விற்றுவிட்டு, படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் அமைந்த பெரிய வண்டியொன்றில் ஆண்டு முழுவதும் குடியிருக்கிறார்களாம். சினிமாக்காரர்களின் ‘கேரவன்’ போன்ற வண்டி. அப்படிக் குடியிருப்போர் சாதாரண வண்டி இன்ஷூரன்ஸ் எடுத்தால் போதாது, வண்டிக் காப்பீடும் வீட்டுக் காப்பீடும் சேர்ந்த பாலிசியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அக்கட்டுரை கூறியது. நிறுத்தி வைத்த வண்டியின் படியில் விருந்தாளி தடுக்கி விழுந்தாலும், உள்ளேயிருக்கும் துணிமணி திருட்டுப் போனாலும் அந்தப் பாலிசி ஈடு கொடுக்குமாம்.

வண்டியில் குடித்தனமா என்று நாங்கள் சிரித்தோம். அப்போது எங்களில் ஒருத்தி சொன்னாள்: “எங்க அப்பா மாசத்துல இருபத்தஞ்சு நாள் லாரியிலதான் இருக்காரு. அங்கேயே சமையல், அங்கேயே தூக்கம். அவருக்கு என்ன இன்ஷூரன்ஸ்?” சிரிப்பு நின்றுவிட்டது. வணிகவியல் பிரிவில் படிக்கும் எங்கள் அறுவரில் நால்வரின் தந்தையர் லாரி ஓட்டுபவர்கள். அவர்களுடைய பாலிசிகளைக் கேட்டு வாங்கி, ஆசிரியையின் உதவியுடன் வரிவரியாகப் படித்தோம். அதன் பயனே இக்கட்டுரை.

நம் ஊர்ப் பக்கம் லாரிக்குப் பஞ்சமில்லை. சென்னைச் சாலையும் சேலம் சாலையும் கிருஷ்ணகிரியில் கூடி, ஓசூர் வழியாக அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பெங்களூருக்குச் செல்கின்றன. சிப்காட் தொழிற்சாலைகளின் வாயிலில் லோடுக்காக வரிசையில் நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். கேபினுக்குள் ஒரு மெத்தை, ஸ்டவ், அரிசி டப்பா, தண்ணீர் கேன், கண்ணாடி ஓரத்தில் பிள்ளைகளின் புகைப்படம். இதை வீடு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

முதலில் ‘தேர்ட் பார்ட்டி’ என்ற சொல்லைப் பார்ப்போம். எல்லோரும் சொல்கிறார்கள், பொருள் கேட்டால் விழிக்கிறார்கள். வண்டி உரிமையாளர் முதல் நபர், இன்ஷூரன்ஸ் கம்பெனி இரண்டாம் நபர், நம் வண்டியால் அடிபடும் பிறர் மூன்றாம் நபர். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு, இந்த மூன்றாம் நபருக்கான காப்பீடு இல்லாமல் எந்த வண்டியும் சாலையில் ஓடக் கூடாது என்கிறது. இதன் பிரீமியத்தை அரசே நிர்ணயிப்பதால் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் தொகை ஒன்றுதான். ஆகவே இதில் மலிவு தேடி அலைவது வீண் வேலை.

நம் சொந்த வண்டிக்கு நேரும் சேதத்திற்கு இது ஒரு காசும் தராது. அதற்கு ‘பேக்கேஜ்’ பாலிசி வேண்டும். நம்மவர் அதனை ‘ஃபுல் இன்ஷூரன்ஸ்’ என்பார்கள். தீ, திருட்டு, வெள்ளம், மோதல் இவற்றுடன் கலவரச் சேதமும் அதில் அடங்கும். எல்லையோரம் வாழும் நமக்குக் கடைசியில் சொன்னது முக்கியம். 2016 செப்டம்பர் 12ஆம் நாள் காவிரிப் பிரச்சினையின்போது பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் தீக்கிரையானதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவர் வெறுங்கையோடு நிற்பார்.

‘ஃபுல்’ என்ற பெயரைக் கேட்டு ஏமாந்துவிடவும் கூடாது. சரக்கு வண்டியின் டயர், விளக்கு, மட்கார்டு, பம்பர், பெயிண்ட் ஆகியவற்றுக்குத் தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். ஏற்றிய சரக்குக்கு வேறு பாலிசி. கேபினில் இருக்கும் மெத்தை, கைப்பேசி, பணப்பை இவற்றுக்கு ஒன்றுமே கிடையாது. அமெரிக்கக் கட்டுரையில் கண்ட வண்டியும் வீடும் சேர்ந்த பாலிசி எங்கள் கையில் கிடைத்த எந்தத் தாளிலும் இல்லை.

பொருள் போனால் போகட்டும், உள்ளே இருக்கும் ஆட்களுக்கு என்ன? இங்கேதான் நாங்கள் திடுக்கிட்டோம்.

சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கும் கிளீனருக்கும், சட்டப்படி முதலாளி தர வேண்டிய இழப்பீட்டுத் தொகையைக் கட்டாயப் பாலிசியே ஏற்கிறது. அதற்கு மேலான பொறுப்பையும் ஏற்கச் செய்ய, ஆளுக்குச் சிறு தொகை கூடுதலாகக் கட்டலாம். கட்டணத் தாளில் அந்த வரிக்கு எதிரே எத்தனை பேர் என்று குறித்திருக்கிறது எனப் பாருங்கள். நாங்கள் பார்த்த ஒரு பாலிசியில் ‘1’ என்று இருந்தது. அந்த வண்டியில் எப்போதும் இருவர் போகிறார்கள்!

உரிமையாளரே ஓட்டினால் அவருக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. 2018 முதல் அதன் தொகை 15 இலட்சம் ரூபாய். நல்ல தொகைதான். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவரே ஓட்ட வேண்டும், அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸும் இருக்க வேண்டும். எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் ராசி என்று சொல்லி லாரியைத் தாயாரின் பெயரில் வாங்கியிருக்கிறார்கள். தாயாருக்குச் சைக்கிள் ஓட்டக்கூடத் தெரியாது. ஓட்டுபவர் தந்தை. அவர் உரிமையாளரும் இல்லை, சம்பளம் வாங்கும் டிரைவரும் இல்லை. அந்த 15 இலட்சம் அவருக்கு எட்டாது. ஆறு ஆண்டுகளாக இது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அடுத்தது எங்களைப் போன்ற பிள்ளைகளைப் பற்றியது. கோடை விடுமுறையில் அப்பாவுடன் லாரியில் போகாத டிரைவர் வீட்டுப் பிள்ளை உண்டா? எங்களில் ஒருத்தி தாயாருடன் அப்படிப் போனபோது, சூளகிரி அருகே வண்டி தடுப்பில் மோதியது. தாயாரின் கை இரண்டு இடங்களில் முறிந்தது. கம்பெனியில் கேட்டபோது பாலிசியில் இடமில்லை என்றார்கள். நாங்களும் கோபப்பட்டோம், படித்த பிறகுதான் காரணம் விளங்கியது. சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ வந்தால் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி காப்பு உண்டு. சும்மா ஏறி வரும் பயணிக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டு ஆஷா ராணி வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. மனைவியும் மக்களும் அந்தக் கணக்கில் சும்மா ஏறி வருபவர்களே. வைத்தியச் செலவுக்கு அந்தக் குடும்பம் நகையை அடகு வைத்தது.

மனத்துக்கு ஆறுதலான தீர்ப்பு ஒன்றும் உண்டு. டெல்லியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரி ஓட்டி வந்த டிரைவர் ஒருவர், உடல்நலம் குன்றி, வழியோர ஹோட்டலில் வண்டியை நிறுத்திய இடத்தில் மயங்கி விழுந்து இறந்தார். மோதலும் இல்லை, காயமும் இல்லை. ஆயினும் நீண்ட ஓட்டத்தின் சுமையே காரணம், அது வேலையினால் நேர்ந்த விபத்தே என்று 2012ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வண்டியிலேயே வாழ்பவருக்கு வேலை நேரம் எது, ஓய்வு நேரம் எது என்று கோடு கிழிப்பது எளிதன்று. நீதிபதிகள் இதை உணர்ந்தார்கள் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

பாலிசி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் லைசென்ஸ், பெர்மிட், எஃப்.சி. இவற்றில் ஒன்று காலாவதியானால் தொல்லைதான். லைசென்ஸில் குறை இருந்தால் கம்பெனி மூன்றாம் நபருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, உரிமையாளரிடம் திருப்பி வசூலிக்கலாம் என்று 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று கூறுகிறது. அப்படி வசூலித்தால் நிலமோ வீடோ போய்விடும்.

வண்டிப் பாலிசி விட்ட இடத்தை நிரப்ப வேறு வழி உண்டா என்று தேடினோம். வங்கிக் கணக்கின் வழியாகச் சேரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம் 2015இல் தொடங்கியது. 18 முதல் 70 வயது வரை சேரலாம். 2022 ஜூன் முதல் பிரீமியம் ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் உயிர் போனாலோ முழு ஊனம் ஏற்பட்டாலோ 2 இலட்சம் ரூபாய். வண்டி யார் பெயரில் இருக்கிறது, யார் ஓட்டினார், சும்மா ஏறினாரா என்ற கேள்வியே இதில் எழுவதில்லை. கை முறிந்தால் வைத்தியச் செலவு இதில் வராது. அதற்கு வேறு மருத்துவக் காப்பீடு பார்க்க வேண்டும். இருபது ரூபாய்க்கு ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் இரண்டு டீகூடக் கிடைக்குமோ என்னவோ!

எங்கள் அறுவரின் பெற்றோரும் இப்போது அதில் சேர்ந்துவிட்டார்கள். தாயார் பெயரிலிருந்த லாரியைத் தந்தையின் பெயருக்கு மாற்ற மனுக் கொடுத்திருக்கிறார்கள். ‘1’ என்றிருந்த பாலிசியைப் புதுப்பிக்கும்போது ‘2’ என்று எழுதச் சொல்லியிருக்கிறோம். வரும் மே மாதம் அப்பாவைப் பார்க்க ஓசூருக்குப் பேருந்திலேயே போகிறோம். திரும்பும்போது மாங்காய் மூட்டை மட்டும் லாரியில் வரும்.