காலநிலை மாற்றம் குறித்து மருத்துவர்கள் ஏன் ஒன்றிணைந்து பேசுகின்றனர்?

கடும் கோடையில் இதய நோய், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்களின் உடல்நிலை மோசமடைவதுண்டு. மருத்துவர் மருந்தை மாற்றித் தரலாம். ஆனால் வெயிலில் வேலை செய்யும் நேரம், குடிநீர், நிழல், காற்றின் தூய்மை ஆகியவற்றை மருந்துச் சீட்டில் எழுதித் தர இயலாது. அவற்றை அரசுகளும் உள்ளாட்சி அமைப்புகளும் நிறுவனங்களுமே மாற்ற முடியும். எனவேதான் மருத்துவர்களும் செவிலியர்களும் ஒன்றிணைந்து காலநிலை நடவடிக்கைகளை வலியுறுத்துகின்றனர். இம்முயற்சியில் உங்களுக்கும் பங்குண்டு.

பதிவு ஏன் முக்கியம்?

2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸை எட்டியது. வெப்பத்தால் நேரும் இறப்புகளில் பல, மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு போன்ற பெயர்களிலேயே பதிவாகின்றன. ஆகவே, ஆய்வாளர்கள் அம்மாதத்தின் மொத்த இறப்புகளை முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் அதே மாதத்துடன் ஒப்பிட்டனர். 1,344 இறப்புகள் கூடுதலாக நிகழ்ந்திருந்தன. 2013இல் அம்மாநகராட்சி, பொதுநலவியல் வல்லுநர்களுடன் இணைந்து வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. முன்னெச்சரிக்கை, மருத்துவப் பணியாளர் பயிற்சி, குடிநீர் வசதி ஆகியன அதன் அங்கங்கள்.

இலண்டனில் எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்னும் 9 வயதுச் சிறுமி 2013இல் கடும் ஆஸ்துமாவால் இறந்தாள். போக்குவரத்து மிகுந்த சாலையருகே அவள் வசித்தாள். அவளுடைய தாயின் தொடர் முயற்சியாலும் மருத்துவ வல்லுநரின் சான்றாலும் மீண்டும் விசாரணை நடந்தது. அவளது இறப்புக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் பதிவு செய்யப்பட்டது. அந்நாட்டில் ஒருவரின் இறப்புக்கு அவ்வாறு பதிவானது அதுவே முதல் முறை. டீசலும் பெட்ரோலும் எரியும்போது, நுரையீரலைப் பாதிக்கும் புகையும் புவியைச் சூடாக்கும் கரியமில வாயுவும் ஒருசேர வெளியாகின்றன என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

ஒன்றிணைந்ததால் விளைந்தவை யாவை?

• 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டிற்கு முன், ஏறத்தாழ 4.5 கோடி நலவாழ்வுப் பணியாளர்களைக் கொண்ட அமைப்புகள் உலகத் தலைவர்களுக்குத் திறந்த மடல் அனுப்பின.
• 2023 டிசம்பர் 3 அன்று, துபாய் மாநாட்டில் முதன்முறையாக நலவாழ்வுக்கென ஒரு நாள் ஒதுக்கப்பட்டது.
• மருத்துவத் துறையும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுச் சேவை, தன் நேரடிக் கட்டுப்பாட்டிலுள்ள கரிம உமிழ்வை 2040க்குள் நிகரச் சுழியமாக்க உறுதியேற்றுள்ளது.
• தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்திற்கு ரூ.4 இலட்சம் நிவாரணம் வழங்கவும் அது வழிசெய்தது. எனவே, காரணத்தைச் சரியாகப் பதிவு செய்வது குடும்பத்தின் உரிமையோடும் தொடர்புடையது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மருத்துவரிடம் அறிகுறிகளுடன் சூழலையும் கூறுங்கள்: எத்தனை மணி நேரம் வெயிலில் இருந்தீர்கள், வீட்டின் கூரை எத்தகையது, அருகில் புகை உண்டா, எவ்வளவு நீர் அருந்தினீர்கள்.
• இவ்விவரங்களைப் புறநோயாளிச் சீட்டில் குறிக்குமாறு கேளுங்கள், சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.
• சிறுநீர் பெருக்கும் மருந்துகள், சில மனநல மருந்துகள் ஆகியவற்றை உட்கொள்வோருக்கு வெப்பப் பாதிப்பு எளிதில் ஏற்படலாம். கோடைக்கு முன்பே மருத்துவரிடம் ஆலோசனை பெறுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.
• சில இன்ஹேலர்களிலுள்ள வாயு புவியைச் சூடாக்கக்கூடியது. எனினும் அதற்காக இன்ஹேலரைக் கைவிடாதீர்கள். மாற்று பொருந்துமா என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

உடனடி உதவி எப்போது தேவை?

வெயிலுக்குப் பின் உடல் கடுமையாகச் சூடாதல், பேச்சில் குழப்பம், வலிப்பு, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் 108ஐ அழையுங்கள். அதுவரை நோயாளியை நிழலில் கிடத்தி, உடலில் நீர் தெளித்து விசிறுங்கள். நினைவிழந்தவரின் வாயில் நீர் ஊற்றக் கூடாது. அவர் எங்கு, எவ்வளவு நேரம் வெயிலில் இருந்தார் என்பதை மருத்துவமனையில் தவறாமல் தெரிவியுங்கள். சிகிச்சைக்கும் பதிவுக்கும் அத்தகவல் தேவை.