குழந்தையும் காலிக் கோட்டையும்

நகரம் பார்க்கப் புறப்படும் பெரியவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடு புறப்படுகின்றனர். பார்க்கவேண்டிய இடங்கள் பத்து எனின், பத்தையும் பார்த்து முடித்தாலன்றி அவர்களுக்கு மனநிறைவு உண்டாவதில்லை. உடன்வரும் குழந்தையிடமோ பட்டியல் எதுவும் இல்லை. மதிலின் பிளவிலிருந்து எட்டிப்பார்க்கும் ஓணானும், வாயிலின்மேற் செதுக்கப்பட்ட சேவலுமே அதற்கு நகரம். இவ்விரு நோக்கங்களும் மோதும்பொழுது வெல்வது பெரியவரின் பட்டியல்; தோற்பது குழந்தையின் கால். மாலையில் அழுகையும் அதட்டலுமாக வீடு திரும்பும் குழந்தை, பழைய கட்டடம் என்றாலே கால் நோவு என்னும் பாடத்தைக் கற்றுக்கொள்கிறது. ஒருமுறை படிந்த அந்தப் பாடத்தைப் பின்னர் அழிப்பது எளிதன்று. ஆகவே, நேயர்களே, குழந்தையோடு நடந்து ஒரு நகரத்தைப் பார்ப்பது எவ்வாறு என்பதை, நம் நாட்டுக் காலிக் கோட்டையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

முதலிற் செய்யவேண்டியது இடத்தைத் தெரிதல். குழந்தைக்கு ஏற்ற நகரம் சிறியதாகவும், எல்லை தெளிவானதாகவும், இடையிடையே நிழல் உடையதாகவும் இருத்தல் வேண்டும். காலிக் கோட்டை இம்மூன்றும் வாய்ந்தது. போர்த்துக்கேயர் 1588 இல் இங்கே அரண் அமைத்தனர். 1640 இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இன்று நாம் காணும் பெருமதில்களையும் கொத்தளங்களையும் எழுப்பினர். 1796 இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. 1988 இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. மூன்று பக்கமும் கடல். வடக்கே மட்டும் நிலம். வடக்கு வாயிலிலிருந்து தென்கோடி வெளிச்சவீடு வரை ஒரு கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். எந்த வீதியில் நடந்தாலும் முடிவில் மதில் வந்து நிற்பதால், வழி தவறுவோம் என்ற அச்சமும் இல்லை.

இரண்டாவது, காலத்தைத் தெரிதல். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலையும் வானத்தையும் கலக்கும். டிசெம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களே உகந்தவை. கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து காலைப் புகையிரதத்திற் செல்வோர் வலப்பக்க இருக்கையிற் குழந்தையை அமர்த்தினால், வழியிற் பெரும்பகுதி கடல் கூடவே வரும். குழந்தைக்குப் பயணம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. காலிப் புகையிரத நிலையத்திலிருந்து கோட்டைக்கு நடந்தே செல்லலாம். நண்பகல் வெயிலில் மதிலின்மேல் நிழல் இல்லை. ஆதலால், நாளை இரு கூறாக்கி, பதினொன்றரை மணிவரை ஒரு நடை, மூன்றரை மணிக்குமேல் ஒரு நடை என்று வகுத்துக்கொள்ளவேண்டும். இடைப்பட்ட நேரம் உணவுக்கும் ஓய்வுக்கும் உரியது. ஓய்வை வீண்பொழுது என்று கருதுபவர் குழந்தையோடு பயணம் போகாதிருப்பதே நன்று.

மூன்றாவது, நடையின் அளவு. ஆறு வயதுக் குழந்தை, ஒரே தொலைவைக் கடக்கப் பெரியவரைவிட மிகுதியான அடிகள் வைக்கிறது. நமக்கு எளிதான நடை அதற்குப் பெரும் உழைப்பு. எனவே முழு மதிலையும் சுற்றிவிட எண்ணவேண்டாம். காலையில் மூன்று நிறுத்தங்கள், மாலையில் மூன்று நிறுத்தங்கள் போதும். ஒவ்வொன்றிலும் குழந்தை தானே கண்டுபிடிக்கத்தக்க ஒரு பொருள் இருத்தல் வேண்டும். “இதைப் பார்” என்று நாம் காட்டும் பொருளைக் குழந்தை மறந்துவிடும். “எங்கே இருக்கிறது, தேடு” என்று நாம் விட்ட பொருளை மறக்காது.

காலை நடையை வடக்கு மதிலில் தொடங்கலாம். அங்கே மூன்று கொத்தளங்கள். அவற்றின் பெயர்கள் சூரியன், சந்திரன், நட்சத்திரம். இப்பெயர்களைச் சொல்லி, எது எங்கே என்று குழந்தையையே ஊகிக்க விடலாம். சந்திரக் கொத்தளத்தருகே 1883 இல் எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. வெளியே நோக்கினால் துடுப்பாட்ட மைதானம் கண்ணுக்கெட்டும். அடுத்தது 1755 இல் முடிவுற்ற ஒல்லாந்தர் தேவாலயம். அதன் தளத்திற் பதித்த கல்லறைப் பலகைகளிற் செதுக்கிய சின்னங்களைக் குழந்தை எண்ணட்டும். மூன்றாவது நிறுத்தம் பழைய வாயில். அதன் உட்புற முகப்பில் 1669 என்னும் ஆண்டும், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரையும், இரு சிங்கங்களும், அவற்றின்மேல் ஒரு சேவலும் உள்ளன. வெளிப்புறத்திலே ஆங்கில அரசின் சின்னம். ஒரே வாயிலுக்கு முன்னும் பின்னும் இரண்டு எசமானர்! ஆட்சி மாறிய கதையை அரைமணி நேரம் விரித்துரைப்பதிலும், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று குழந்தை கண்ணாற் காண்பது மேலானது. அருகிலுள்ள நீதிமன்றச் சதுக்கத்தின் பெருமரங்களின் கீழ் இளைப்பாறலாம்.

மாலையில் மருத்துவமனை வீதி வழியே தெற்கே நடந்தால் வெளிச்சவீடு வரும். இப்போதுள்ளது 1939 இற் கட்டப்பட்டது. உயரம் ஏறக்குறைய 26 மீற்றர். அதன் எதிரே வெண்ணிறப் பள்ளிவாசல். தொலைவிலிருந்து நோக்குபவர் அதனைக் கிறித்தவ ஆலயம் என்றே எண்ணுவர். காலையிற் கண்ட தேவாலயம், இந்தப் பள்ளிவாசல், அண்மையிலுள்ள பௌத்த விகாரை ஆகிய மூன்றும் சில நிமிட நடைக்குள் இருப்பதை நாம் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. குழந்தையின் கால்களே அளந்து அறிந்துவிடும். இறுதி நிறுத்தம் மேற்கு மதில். அங்கே கதிரவன் கடலில் மறைவதைக் காணலாம். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை காலி நகரைப் பெரிதும் அழித்தபொழுது, கோட்டைக்குள் இருந்தோரைப் பெருமளவு காத்தவை இம்மதில்களே. பகைவரின் பீரங்கிக்கு எழுப்பிய மதில் கடலுக்கும் அரணாயிற்று என்பதைக் குழந்தைக்கு இங்கேதான் சொல்லவேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. மதிலின் ஓரங்களிற் பல இடங்களிற் கைபிடி இல்லை. கீழே பாறையும் அலையும். மதிலின்மேல் இருக்கும்வரை குழந்தையின் கை நம் கையில் இருத்தல் வேண்டும்; பெரியவர் கடற்புறமாக நடத்தல் வேண்டும். ஓடி விளையாட வீதியும் சதுக்கமும் உண்டு. தொப்பி, தண்ணீர், மாற்றுடை ஒன்று, பழகிய செருப்பு ஆகியவை போதும். புதுச் செருப்பைப் பயணத்துக்கென்று வாங்கி மாட்டுவது கொப்புளத்தை விலைக்கு வாங்குவதாகும்.

காலியைப் பார்த்த குழந்தைக்குக் கொழும்பு நூதனசாலையில் இன்னொரு கண்டுபிடிப்புக் காத்திருக்கிறது. 1409 ஆம் ஆண்டைக் குறிக்கும் மும்மொழிக் கல்வெட்டு அங்கே உள்ளது. சீனக் கடற்றளபதி செங் ஹோ கொணர்ந்த அந்தக் கல்லிற் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. சீனம் புத்தரையும், தமிழ் தெவிநுவரைக் கோயிலிற் குடிகொண்ட தேனவரை நாயனாரையும், பாரசீகம் அல்லாவையும் போற்றுகின்றன. 1911 இற் காலி நகரிற் கண்டெடுக்கப்பட்டபொழுது, அது மதகு ஒன்றின் மூடுகல்லாகக் கிடந்தது. எத்தனையோ பேர் அதன்மேல் நடந்து சென்றிருப்பர்! தேய்ந்த அந்த எழுத்துக்களிடையே தனக்குத் தெரிந்த தமிழெழுத்து ஒன்றையேனும் குழந்தை தேடிக் காணட்டும். அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இந்தத் துறைமுகத்தில் தன் மொழியும் வழங்கியது என்பதை அது அப்பொழுது தானாகவே உணரும்.

பத்து இடங்களில் ஆறினைத்தான் பார்த்தோம் என்று வருந்தவேண்டாம். எஞ்சிய நான்கும் ஓடிப்போவதில்லை. வீடு திரும்பும் புகையிரதத்தில், “அடுத்த முறை எப்பொழுது?” என்று குழந்தை கேட்குமாயின், திட்டம் நிறைவேறிற்று என்று கொள்க.