காற்று முதுகுப் பக்கம் இருக்கட்டும்

மன்னாரிலிருந்து யாழ்ப்பாணத்திற்குக் கரையோர வீதியால் சைக்கிளில் போக வேண்டுமென எமது இளைஞர் சிலர் ஆயத்தமாகின்றனர். முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வளர்ந்த இவர்கள், பெற்றோரின் காணியைப் பேச்சளவில் மட்டுமே அறிந்தவர்கள். நல்ல எண்ணந்தான். பஸ்ஸில் போனால் ஊர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சைக்கிளில் போகிறவன் வேலியையும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டு போவான். விரும்பிய இடத்தில் இறங்கிக் கதைப்பான்.

தூரம் நூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். ஒரே நாளில் ஓடி முடிக்கலாம் என்கிறார்கள். முடியுந்தான், ஆனால் ஓட்டப்போட்டிக்கா போகிறோம்? ஏறக்குறைய நடுவழியான முழங்காவிலில் ஓர் இரவு தங்குங்கள். முதியவர்கள் பஸ்ஸில் வந்து வழியில் சேர்ந்துகொள்ளட்டும். எல்லைப் பனை எது, தூர்ந்த கிணறு எது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

திகதி குறிக்குமுன் காற்றைப் பாருங்கள். வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். வீதியோ பெரும்பாலும் வடக்கு நோக்கிச் செல்கிறது. ஆகவே ஆடி, ஆவணியில் மன்னாரிலிருந்து புறப்பட்டால் காற்றே தள்ளிவிடும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். சைக்கிள்களை லொறியில் ஏற்ற இப்போதே ஒழுங்கு செய்யுங்கள். வாடைக்காலத்தில் எல்லாம் மறுவளம்.

2008இல் போர் இவ்வீதி வழியேதான் வடக்கே நகர்ந்தது. ஆடியில் விடத்தல்தீவு, ஆவணியில் வெள்ளாங்குளம், கார்த்திகையில் பூநகரி என்று படையினர் வசமாயின. சட்டிபானையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவர்கள் இதை வாசிப்போரிலும் இருப்பார்கள்.

கோடையில் போவதில் இன்னொரு பயனும் உண்டு. சிறு குளங்கள் வற்றிக் கிடக்கும். கட்டு எங்கே உடைந்தது, துருசு என்ன நிலையில் இருக்கிறது, வாய்க்கால் எங்கே தூர்ந்தது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். காலபோக மழைக்கு முன் கமநல சேவை நிலையத்தில் சொல்ல அவகாசமும் இருக்கும். உறுதி, அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் போட்டோப் பிரதிகளை மட்டும் கொண்டுபோங்கள்; மூலப்பிரதி வீட்டில் இருக்கட்டும். காணிக்குள் கால் வைக்குமுன் அயலில் மீளக்குடியேறியவர்களிடம் விசாரியுங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் வீதியை விட்டு ஓரடியும் இறங்க வேண்டாம், சலம் கழிக்கக்கூட.

நிலம் வெளுக்கும்போது புறப்படுங்கள். இருட்டில் மாடுகள் வீதியிலேயே படுத்திருக்கும். பத்து மணிக்குப் பின் வெயில் தாங்காது, நிழலும் குறைவு. கரையோரக் கிணறுகள் பல உவர் என்பதால் தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். பாரத்தை ஹாண்டிலில் தொங்கவிடாமல் பின் கரியரில் கட்டுங்கள். பம், ஒட்டுச் சாமான், மேலதிக ரியூப் குழுவுக்கு ஒன்றாவது வேண்டும்.

பூநகரி தாண்டினால் சங்குப்பிட்டிப் பாலம். முன்னர் கேரதீவுக்குப் பாதை ஓடிய இடத்தில் 2011 தை மாதம் திறக்கப்பட்டது. நீளம் 288 மீற்றர். இருபுறமும் வெறுங்கடல், மறைப்பு எதுவுமில்லை. அங்கே சோளகம் இடப்பக்கமாகவே வந்து சைக்கிளை நடுவீதிக்குத் தள்ளும், பின்னால் பஸ்ஸும் வரும். ஒருவர்பின் ஒருவராக இடைவெளி விட்டுப் போங்கள். காற்று மிஞ்சினால் இறங்கி உருட்டிக்கொண்டு நடவுங்கள்.