ஒரே பெயர், பல பாறைகள்

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தில் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன் படிந்த பாறைத் தொகுதிக்கு நிலவியலாளர்கள் வைத்த பெயரும் ஸ்ரீபெரும்புதூர்தான். களிப்பாறையும் மணற்கல்லும் மாறிமாறி அமைந்த அதில் செடிகளின் தொல்லெச்சங்களும் கடலுயிர்களின் எச்சங்களும் கிடைத்துள்ளன. நிலமும் கடலும் சேர்ந்து உருவாக்கிய படிவு என்பதால் பெயர் ஒன்றானாலும் பாறை ஒன்றல்ல. ‘ஷேல்’ எனப்படும் இந்தக் களிப்பாறை இருப்பதாலேயே அங்கே எரிவாயு உண்டு என்று முடிவுகட்ட முடியாது. பாறையில் கரிமப் பொருள் போதிய அளவு இருக்க வேண்டும். அது ஆழத்தில் புதைந்து தக்க வெப்பம் பெற்றிருக்க வேண்டும். வாயுவை எடுக்கப் பாறையைப் பிளக்கச் செலுத்தும் நீரழுத்தத்தில், களிமண் மிகுந்த பாறை விரிசல் விடாமல் நெகிழ்ந்துகொடுக்கும். குவார்ட்ஸ் மிகுந்தது எளிதில் பிளந்து வாயுவுக்கு வழிவிடும். கரிமப் பொருளின் அளவும் கனிமங்களின் விகிதமும் சில மீட்டருக்குள்ளேயே மாறக்கூடும்.

எந்தப் படுகையானாலும் இந்த வேறுபாட்டை அளக்காமல் சொல்லப்படும் கையிருப்புக் கணக்கு வெறும் ஊகம்தான். இந்தியாவில் எடுக்கக்கூடிய ஷேல் வாயு 96 லட்சம் கோடி கன அடி என 2013-இல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் மதிப்பிட்டது; அதில் காவிரிப் படுகையின் பங்கு 5 லட்சம் கோடி. அதே நாட்டின் நிலவியல் ஆய்வு நிறுவனமோ, காவிரி உட்பட மூன்று பகுதிகளுக்குச் சேர்த்தே சுமார் 6 லட்சம் கோடிதான் என 2011-க்கான மதிப்பீட்டில் கூறியிருந்தது. எல்லைகளும் முறைகளும் வேறு என்றாலும் இடைவெளி மிகப் பெரிது. போலந்துக்கு 2011-இல் சொல்லப்பட்ட 187 லட்சம் கோடி, மறு ஆண்டே அந்நாட்டு நிலவியல் நிறுவனத்தின் கணக்கில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குக்கோ அதற்கும் கீழேயோ இறங்கியது.

சில கிணறுகளின் சராசரியை எடுத்துப் பரப்பால் பெருக்கினால் போதாதா என்று கேட்கலாம். ஆலைக்கு வரும் இரும்புத் தகட்டுச் சுருளில் ஒரு துண்டைச் சோதித்தால் முழுச் சுருளின் தரமும் பெரும்பாலும் தெரியும். அது ஒரே உருக்கில் வார்த்தது. பாறைக்கு அந்த உத்தரவாதம் இல்லை. நல்ல இடத்தில் தோண்டிய இரண்டு கிணறுகளின் சராசரி, மோசமான இடங்களை மறைத்துவிடும். தமிழ்நாட்டு அரசின் 2020-ஆம் ஆண்டுச் சட்டம் காவிரி டெல்டாவில் ஷேல் வாயு எடுப்பதைத் தடுத்துவிட்டதே, இனி இந்தப் பேச்சு எதற்கு என்றும் கேட்கலாம். அந்தத் தடை காப்பது வேளாண் நிலத்தை. அதைத் தளர்த்தச் சொல்லி நாளை யாராவது பெரிய எண்ணோடு வந்தால், எத்தனை இடங்களில், எந்தெந்த ஆழங்களில் பாறை மாதிரி எடுத்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாத எண்ணை நம்பி வயலையும் நீரையும் பணயம் வைக்கக் கூடாது.