சரக்கு வண்டியின் முன்பக்கம்: பட்டை, புஷ், கிங் பின் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை



2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு, மளிகைக் கடைக்காரர்கள் பலர் வாடகை வண்டிக்குக் காத்திராமல் சொந்த வண்டியிலேயே சரக்கு எடுக்கத் தொடங்கினர். ‘குட்டி யானை’ என்று மக்களே அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். எஞ்சின் ஆயில் மாற்றுவதில் நாம் காட்டும் அக்கறையை முன்பக்கப் பாகங்களிடம் காட்டுவதில்லை. ஸ்டீயரிங் அவற்றை நம்பித்தான் இருக்கிறது. அங்கே பழுது என்றால் சரக்கு மட்டுமல்ல, வண்டி ஓட்டும் பையனின் உயிருக்கும் ஆபத்து.

பழுதை அறிவது எப்படி?

ஏஸ் வண்டியின் முன்பக்கத்தில் லாரியைப் போலவே ஒரே அச்சும் பட்டை ஸ்பிரிங்கும் உள்ளன. முன் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பெரும்பாலும் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின்னும் அதன் புஷ்ஷும் தேய்ந்திருக்கும். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராட் எண்டைப் பாருங்கள். டயர் ஓரம் தேய்வது, வண்டி ஒரு பக்கம் இழுப்பது, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிவது ஆகியவையும் எச்சரிக்கைகளே.

மாற்றும்போது

1. உடைந்த பட்டையை வெல்டிங் வைக்க விடாதீர்கள். சூட்டில் எஃகின் பதம் போய், வெல்டிங் ஓரத்திலேயே மறுபடி உடையும்.

2. பட்டையோ ஷாக் அப்சார்பரோ, இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் வண்டி சாய்ந்து ஓடும்.

3. கழற்றிய யூ போல்ட் இழுபட்டிருக்கும். புதியதே போடுங்கள். சில நாள் ஓடிய பின் மறுபடி முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. ரப்பர் புஷ் உள்ள இடத்தில், வண்டியைத் தரையில் இறக்கிய பிறகே போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் முறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

5. வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் அவசியம். கிங் பின்னுக்குத் தவறாமல் கிரீஸ் அடியுங்கள்.

பாரமும் கணக்கும்

ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையில் வெற்று எடையைக் கழித்தால், ஆட்களையும் சேர்த்து ஏற்றக்கூடிய பாரம் தெரியும். 750 கிலோ என்றால், ஆட்களின் எடை போக மீதமுள்ள அளவுக்கே 50 கிலோ சர்க்கரை மூட்டைகளை ஏற்ற வேண்டும்; 15 மூட்டை ஏற்றக் கூடாது. அளவுக்கு மீறினால் பட்டை படுத்துவிடும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அதிக பாரத்துக்கு அபராதம் ரூ.20,000, கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2,000.

உதிரிபாகம் வாங்கும்போது உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணுடன் பில் கேளுங்கள். சரக்கு வாகனப் பழுதுச் செலவுக்கு, காம்போசிஷன் திட்டத்தில் இல்லாத வணிகர்கள் உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம். பில் இல்லாத மலிவுப் பாகத்தில் அந்த வரவும் இல்லை, உத்தரவாதமும் இல்லை.

சில நூறு ரூபாய் மிச்சம் பார்த்து முதலுக்கே மோசம் செய்துகொள்ள வேண்டாம். அடுத்த வார விடுமுறையன்று வண்டியை ஒருமுறை ஜாக்கி வைத்துப் பார்த்துவிடுங்கள்.