பரீட்சை வைத்தால் படிப்பு கெடுமா?

52-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று 45 என்று எழுதுகிறது. சிவப்பு மையில் தப்பு போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தால் கதை முடிந்தது. அந்த 45 எப்படி வந்தது என்று பார்க்கும் ஆசிரியருக்கு வேறொன்று தெரியும். 2-இல் 7 போகாதே என்று, பிள்ளை 7-இல் 2-ஐக் கழித்திருக்கிறது. கழித்தல் அதற்குத் தெரியும், கடன் வாங்கத்தான் தெரியவில்லை. அதை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துவிடலாம். இதைக் காட்டிக்கொடுத்ததே ஒரு பரீட்சைதான்.

பரீட்சை நினைவையும் வளர்க்கும். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைச் சிலர் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சிலர் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முதல் கூட்டம் முந்தியது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. நம் பள்ளிகளில் வைக்கும் ஸ்லிப் டெஸ்ட் கெட்ட பழக்கமில்லை.

கெடுதல் தொடங்குவது மார்க்கை வைத்து யாரையோ எடைபோடும்போது. பொதுத்தேர்வு முடிவு வந்ததும் மாவட்டவாரியாகத் தேர்ச்சி விழுக்காடு வரும். விழுப்புரம் மாவட்டம் பல ஆண்டுகள் அந்தப் பட்டியலின் கீழ்ப்பகுதியில் கிடந்தது. கீழே இருந்தால் கேள்வி வரும், தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டும். அதனால் காலையிலும் மாலையிலும் ஸ்பெஷல் கிளாஸ், ‘மெல்லக் கற்போர்’ பட்டியல், அவர்கள் கையில் தேர்ச்சிக்கு வேண்டியதை மட்டும் தொகுத்த மினிமம் மெட்டீரியல். பத்தாம் வகுப்புக் கணக்கில் தேர்ச்சிக்கு 35 போதும். செய்முறை வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16. அந்த இரண்டையும் கை பழகும்வரை போட வைப்பார்கள். முக்கோணம் ஏன் அப்படி அமைகிறது என்று கேட்க நேரமிருக்காது. ஆசிரியரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. தோற்றுப்போன பிள்ளை வேலைக்குப் போய்விடும் என்ற பயம் இந்த மாவட்டத்துத் திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் வெறும் கற்பனையல்ல.

இதே வட்டாரத்தில் மறுபக்கமும் நடந்தது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27 அன்று ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கியது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் மாலையில் தெருவிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். மார்க்குக்காக அங்கே யாரும் உட்காரவில்லை. விட்டுப்போனது எது என்று பார்ப்பதே வேலை.

அப்படியானால் பொதுத்தேர்வுகளை எடுத்துவிடலாமா? பிளஸ் ஒன் கதை கொஞ்சம் யோசிக்க வைக்கும். பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டி, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. மார்க் குவிந்தது, கல்லூரி முதலாண்டில் பிள்ளைகள் திணறினார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. ஒரு தேர்வு கெடுத்ததைச் சரிசெய்ய இன்னொரு தேர்வு! 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கிவிட்டது. பாரம் குறைந்தது நல்லதுதான். ஆனால் பழைய குறுக்குவழியும் திறந்திருக்கிறது. பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஆகஸ்டு வாக்கில் ஒருமுறை பையைத் திறந்து எந்த வருடத்துப் புத்தகம் இருக்கிறது என்று பாருங்கள். பிளஸ் டூ புத்தகமாக இருந்தால் பள்ளிக்குப் போய்க் கேட்கலாம்.