மூவர் கூடிய சிற்றரங்கு

இசை பெரிதாவது எதனால்? கூடியிருப்போர் தொகையினாலா? ஓசையின் பெருக்கத்தினாலா? கருவிகளின் எண்ணிக்கையினாலா? இக்காலத்து விழா மேடைகளை நோக்குவோர் இம்மூன்றினாலுமே என்று விடை பகர்வர். வன்னிப் பெருநிலத்தில் இன்று ஒரு வாசிகசாலையின் ஆண்டு விழாவுக்கும் ஆளுயர ஒலிபெருக்கிகள் வந்து நிற்கின்றன. மின்பிறப்பாக்கி ஒருபுறம் உறுமுகின்றது. பாடுவோர் தம் குரலைத் தாமே கேளாமற் பாடுகின்றனர். இந்நிலையில், மூவர் மட்டும் ஓர் அறையில் அமர்ந்து, ஒலிபெருக்கியின் துணையின்றி இசைக்கும் ஒரு மரபைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பைத் தரலாம். ஆயினும் அம்மரபின் உயிர்நிலை நமக்குப் புதியதன்று. நாம் மறந்தது அது என்பதே என் துணிபு.

மேனாட்டார் ‘சேம்பர் மியூசிக்’ என வழங்குவதை நாம் அறையிசை எனலாம். அதனுள் ஒரு வகை, பியானோ, வயலின், செலோ என்னும் மூன்று கருவிகள் கூடி இசைப்பது. செலோ என்பது வயலினின் மூத்த உறவு. நாற்காலியில் அமர்ந்து முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் இழைக்கப்படுவது. ஆண்குரல் போன்ற ஆழ்ந்த நாதம் உடையது. பெரிய வாத்தியக் குழுவுக்குக் கோலேந்தி நடத்துபவர் ஒருவர் உளர். இம்மூவருக்கோ அத்தகைய தலைவர் இல்லை. ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டே தொடங்கவேண்டும். ஒருவர் தணியுங்கால் மற்றவரும் தணியவேண்டும்.

என் பழைய மாணவர் ஒருவர் தம் மடிக்கணினியில் இட்டுக் காட்டிய ஒளிப்பதிவொன்றிலேதான் இவ்விசையை நான் முதன்முதல் ஊன்றிக் கேட்டேன். இராகமும் தாளமும் நம்முடையன அல்லவாதலின் முதலிற் செவி தடுமாறிற்று. ஆனால் அம்மூவர் ஒருவரையொருவர் கேட்ட முறை எனக்கு உடனே விளங்கிற்று. அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

பியானோவின் சுரங்கள் சுருதி கூட்டுவோரால் முன்னரே நிறுத்தப்பட்டவை. வாசிக்கும்போது அவற்றை இம்மியும் நகர்த்துதல் இயலாது. வயலினும் செலோவும் விரலின் நெகிழ்வாற் சுரத்தை ஏற்றவும் இறக்கவும் வல்லவை. ஆகவே சுருதியில் அவை இரண்டும் பியானோவுக்கு இணங்கிச் செல்லும். ஓசையின் அளவிலோ வலியது பியானோ. அது தன் வலிமையை அடக்கி, நரம்பிசைக்கு இடந்தர வேண்டும். ஒன்றில் இவர் விட்டுக்கொடுப்பர். மற்றொன்றில் அவர் விட்டுக்கொடுப்பர். விட்டுக்கொடுத்தலே இவ்விசையின் இலக்கணம் என்க.

இந்தச் சமநிலை எடுத்த எடுப்பிலே வந்ததன்று. 18ஆம் நூற்றாண்டில் ஹைடன் இயற்றிய மூவர் இசைகளுட் பெரும்பாலானவற்றில், செலோ பியானோவின் கீழ்க்குரலைத் தழுவிச் செல்லும் ஏவலாளாகவே இருந்தது. 1795ஆம் ஆண்டில் வியன்னா நகரில் இளைஞர் பீத்தோவன் தம் முதல் வெளியீடு என எண்ணிட்டு வழங்கியவை மூன்று மூவர் இசைகளே. அவற்றிலும் பின்னர் அவர் இயற்றியவற்றிலும் செலோ மெல்ல மெல்லத் தன் குரலிற் பேசத் தொடங்கிற்று. ஏவலாள் தோழனானான்.

அப்பீத்தோவன் வாழ்விலேயே இவ்விசை நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கின்றது. 1811ஆம் ஆண்டில் அவர் இயற்றிய மூவர் இசையொன்று, அவர்தம் மாணவரும் புரவலருமான ஆர்ச்டியூக் ருடோல்ஃப் என்னும் அரசகுமாரருக்கு உரிமையாக்கப்பட்டமையின் ‘ஆர்ச்டியூக்’ என்றே பெயர்பெற்றது. 1814ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் அது வியன்னாவில் ஒரு விடுதியில் அரங்கேறிற்று. பியானோவில் அமர்ந்தவர் பீத்தோவனே. அப்போது அவர் செவிகள் பெரிதும் பழுதுற்றிருந்தன. அக்காலத்தில் அவர் வாசித்ததைக் கேட்ட வயலின் கலைஞர் ஸ்போர் என்பார், உரத்து வாசிக்குமிடத்து நரம்புகள் அதிர அடித்தார் என்றும், மென்மையாக வாசிக்குமிடத்துச் சுரங்களே எழவில்லை என்றும் இரங்கி எழுதியுள்ளார். பியானோக் கலைஞராக அவர் பொது அரங்கில் தோன்றிய இறுதி நிகழ்ச்சிகளுள் அவ்வரங்கேற்றமும் ஒன்றாயிற்று.

பத்தாண்டு கழித்து, 1824இல், ஒன்பதாம் சிம்பொனியைத் தந்தவரும் அவரே. செவி கெட்ட பின்னும் உள்ளத்துள் ஒரு பேரிசையைப் படைக்க அவரால் இயன்றது. இருவரோடு கூடி அமர்ந்து வாசிக்க மட்டும் இயலவில்லை. ஏன்? படைப்பதற்கு மேதை போதும். கூடி இசைப்பதற்குப் பிறரைக் கேட்கும் செவி வேண்டும்.

இனி நம் நூலுக்கு வருவோம். வற்றாப்பளையில் வைகாசி விசாகப் பொங்கல் காணும் வன்னி மக்களுக்குக் கண்ணகி காவியத்தலைவி மட்டும் அல்லள், தாய். அவள் கதை கூறும் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய மேடையை அளந்தே காட்டுகின்றது. இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் அகலம் ஏழு கோல். நீளம் எட்டுக் கோல். உயரம் ஒரு கோல். விரல் ஒன்றை முக்கால் அங்குலமாகக் கொள்ளின், அகலம் ஏறத்தாழ 10½ அடி, நீளம் 12 அடி. இக்காதையைக் கற்பிக்கும்போது வகுப்பறைத் தரையில் வெண்கட்டியால் அவ்வளவைக் கோடிட்டுக் காட்டுவது என் வழக்கம். “இவ்வளவுதானா ஐயா?” என்று மாணவர் கேளாத ஆண்டில்லை. இவ்வளவுதான். சோழ மன்னன் முன் நிகழ்ந்த அரங்கேற்றத்துக்கு இவ்வளவு இடம் போதியதாயிருந்தது.

அம்மேடையில் இசை எழுந்த முறையையும் இளங்கோவடிகள் நிரல்படக் கூறுகின்றார். குழலின் வழியே யாழ் சென்றது. யாழின் வழியே தண்ணுமை சென்றது. அதன் பின்னே முழவு சென்றது. ஒவ்வொரு கருவியும் தனக்கு முன்னதைக் கேட்டே நடந்தது என்பது இதன் பொருள். தண்ணுமை ஆசிரியனுக்கு உரிய தகுதியாக அவர் வகுத்தது இன்னும் அரியது. உடன் இசைக்கும் கருவிகளிற் குறை நேருமிடத்து அதனை நிரப்பவும், மிகை நேருமிடத்து அடக்கவும் அவன் வல்லனாதல் வேண்டுமாம். வியன்னாவில் மூவர் பயின்றதும் இதுவன்றோ? சுவாமி விபுலாநந்தர் 1947ஆம் ஆண்டில் வெளிவந்த தம் யாழ்நூலால் மறைந்த கருவியை மீட்டுக் காட்டினார். கருவியோடு மறைந்த இக்கேட்கும் பண்பை மீட்பது நம் கடன்.

நம் கச்சேரி மரபிலும் பாட்டு, வயலின், மிருதங்கம் என மூவர் உளர். ஆயினும் வயலினைப் பக்கவாத்தியம் என்றே அழைத்தோம்; பாடுவோரை நிழல்போலத் தொடர்தல் அதன் கடமையாயிற்று. லால்குடி ஜெயராமன் 1966ஆம் ஆண்டில் இதற்கு ஒரு புதுவழி கண்டார். தம் வயலினோடு என். ரமணியின் குழலையும் திருவனந்தபுரம் ஆர். வெங்கடராமனின் வீணையையும் ஒரே மேடையில் ஒத்த உரிமையோடு அமர்த்தினார். வில்லின் நீண்ட நாதம், குழலின் மூச்சு, மீட்டித் தேயும் வீணை ஒலி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று மறையாது ஒலிக்கவேண்டுமாயின், மூவரும் அடக்கம் பயில்தல் வேண்டும். செலோ ஏவல் நீங்கிய கதையே நம் வயலினுக்கும் நிகழ்ந்தது.

‘திருவிழாவுக்கு இது பொருந்துமோ?’ என வினவுவோர் உளர். பொருந்தாது. வீதியுலாவுக்கு நாகசுரமும் தவிலும் உள; திறந்தவெளியை நிறைக்கவே அவை அமைந்தன. வட்டக்களரிக்கு அண்ணாவியாரின் மத்தளம் உண்டு. இடத்துக்கேற்ற இசையை நம் முன்னோர் வகுத்தே வைத்தனர். வீணையை வீதிக்குக் கொணர்ந்து ஒலிபெருக்கியில் அலறச் செய்வது நாம் செய்த பிழை. அறைக்குரியதை அறையில் வைத்துக் கேட்போம் என்பதே என் வேண்டுகோள்.

இதனை வன்னியிலிருந்து எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டுவரை எறிகணை வரும் திசையை ஓசைகொண்டே அறிந்து உயிர்காத்த மக்கள் நாம். நம் செவிகள் கூரியன; ஆனால் அச்சத்தாற் கூர்மை பெற்றவை. போர் ஓய்ந்தபின் அச்செவிகளுக்கு நாம் அளித்தது மற்றொரு பேரொலி. அமைதியிற் செவிமடுக்கும் இன்பத்தை அவற்றுக்கு அளித்தோமல்லோம்.

1939ஆம் ஆண்டில், நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி, ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரைவிட்டுக் குடும்பத்தோடு வெளியேறிய யூதச் சிறுவர் ஒருவர் இருந்தார். மெனாகெம் பிரஸ்லர் என்பது அவர் பெயர். 1955இல் அமெரிக்காவில் ‘போ ஆர்ட்ஸ்’ மூவர் குழுவைத் தோழர் இருவரோடு தொடங்கினார். வயலின், செலோக் கலைஞர்கள் பன்முறை மாறினர். அவரோ 2008இல் அது கலையும்வரை 53 ஆண்டுகள் பியானோவில் இருந்தார். 2023இல், தம் நூறாவது வயதை எட்டும் முன் மறைந்தார். ஊரிழந்த ஒருவர் தம் வாழ்நாளைப் பிறரைக் கேட்பதிலே கழித்தார் என்பது நம்மவர் எண்ணிப் பார்க்கத் தக்கது.

நம் பிள்ளைகள் பாடசாலையில் கர்நாடக சங்கீதம் கற்கின்றனர். வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வுகளுக்கும் தோற்றுகின்றனர். தேர்வோ பெரும்பாலும் தனித்தனியாகவே நிகழ்வது. தன் பாடத்தைத் தவறின்றி ஒப்புவிக்கும் பிள்ளை, அருகிருக்கும் பிள்ளையின் சுரத்துக்குச் செவிகொடுக்கப் பழகுவதில்லை. மண்டபம் இல்லை, ஒலிபெருக்கிக்குப் பணம் இல்லை என்று இசை விழாவைத் தள்ளிவைக்கும் பள்ளிகளும் உள. அவர்களுக்கு நான் கூறுவது இது: கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ ஒரு வகுப்பறை போதும். வாங்குகளைச் சுவரோரம் நகர்த்துக. ஒரு வயலின், ஒரு வீணை, ஒரு மிருதங்கம், மூன்று பிள்ளைகள், முப்பது கேட்போர். மாதம் ஒரு மாலை. மின்சாரம் தடைப்படினும் கச்சேரி தடைப்படாது. அறையிலுள்ள ஒவ்வொருவரும் மற்றவர் மூச்சைக் கேட்பர். அதனினும் பெரிய அரங்கு நமக்கு எதற்கு?